தீயும் மூன்றில் இரண்டும்

2020ஆம் ஆண்டு மார்ச் 3ஆந் திகதி, லொஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியின் தீயணைப்பு மாவட்டத்துள் வாழும் வாக்காளரிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. கட்டடங்களின் ஒவ்வொரு சதுர அடிக்கும் ஆண்டுதோறும் ஆறு சதம் வரி செலுத்தி, முதுமையடைந்துவிட்ட தீயணைப்பு வண்டிகளையும் வானொலிக் கருவிகளையும் புதுப்பித்துக்கொள்ளச் சம்மதமா என்பதே அக்கேள்வி. ஆயிரத்து ஐந்நூறு சதுர அடி வீட்டுக்கு இது 90 டொலராகும். வாக்களித்தோரில் பாதியைச் சற்றே தாண்டிய தொகையினர் ஆம் என்றனர். பிரேரணை தோற்றது. 2024ஆம் ஆண்டு நவம்பர் 5ஆந் திகதி அதே மாவட்டத்தாரிடம் அதே ஆறு சதம் மீண்டும் கேட்கப்பட்டது. இம்முறையும் பாதியைச் சற்றே தாண்டியவர்களே ஆம் என்றனர். பிரேரணை வென்றது.

இடைப்பட்ட காலத்தில் மக்களின் மனம் பெரிதும் மாறிவிடவில்லை; கேள்வியைக் கேட்டவர் மாறியிருந்தார். முன்னைய பிரேரணையை வாக்குச்சீட்டில் இட்டது கவுண்டியின் மேற்பார்வையாளர் சபை. பின்னையதை அங்கு கொண்டுசேர்த்தவை தீயணைப்பாளர் தொழிற்சங்கம் முன்னின்று திரட்டிய பொதுமக்களின் கையொப்பங்கள். ஆட்சிமன்றம் ஒன்று குறித்த ஒரு தேவைக்கெனப் புதுவரி கேட்பின் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும். அதனையே குடிமக்கள் கேட்பின் பாதிக்கு மேல் ஒரு வாக்குப் போதும். எரிகின்ற வீடு ஒன்றே. அணைக்க வருகின்ற வண்டியும் ஒன்றே. ஆயினும் வண்டிக்குப் பணம் வருமோ வாராதோ என்பதைத் தீர்மானிப்பது, விண்ணப்பத்தின் அடியிற் கையொப்பமிட்டவர் யார் என்பதாகும். இவ்விசித்திரம் எவ்வாறு தோன்றியது என்பதை அறிய ஏறக்குறைய அரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

கலிபோர்ணியாவில் வீட்டு விலைகள் 1970களில் வேகமாக ஏறின. ஆதனவரி விலையைப் பின்தொடர்ந்தமையால், வருமானம் ஏறாத முதியோர் தமது சொந்த வீட்டுக்கே வரி கட்ட இயலாது தவித்தனர். அவர்களின் சினத்தை ஹவார்ட் ஜார்விஸ், போல் கான் என்னும் இருவர் ஒரு சட்டமாக வடித்தனர். 1978 ஜூன் 6ஆந் திகதி நிறைவேறிய 13ஆம் இலக்கப் பிரேரணை அதுவாகும். ஆதனவரி மதிப்பில் நூற்றுக்கு ஒன்றை மீறலாகாது. வீடு கைமாறும் வரை அம்மதிப்பும் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் ஏறலாகாது. உள்ளூர் மன்றங்கள் விசேட வரி விதிப்பதாயின் வாக்காளரில் மூன்றில் இரண்டு பங்கினரின் சம்மதம் பெறல் வேண்டும் என்பன அதன் சாரம். இதில் நகைப்புக்குரிய ஒன்றுண்டு. மூன்றில் இரண்டு வேண்டும் என விதித்த அப்பிரேரணைக்குக் கிடைத்த ஆதரவு நூற்றுக்கு ஏறத்தாழ 65 மட்டுமே. தான் விதித்த அளவுகோலால் தன்னையே அளந்திருப்பின் அது தோற்றிருக்கும்.

அளவுகோலின் பொருளைக் கணக்காகச் சொன்னால், இல்லை என்னும் ஒருவரின் வாக்கு ஆம் என்னும் இருவரின் வாக்குக்குச் சமனாகும். வரி விதிப்பை அரிதாக்க வேண்டும் என்பதே அதனை எழுதியோரின் நோக்கம் ஆதலின், அந்நோக்கம் நிறைவேறியது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் 13ஆம் பிரேரணை தீயணைப்பு மாவட்டங்களுக்குச் செய்த ஆழ்ந்த தீங்கு மேற்சொன்னதன்று. அதற்கு முன்னர் ஒவ்வொரு மாவட்டமும் தன் தேவைக்கேற்பத் தானே வரிவீதத்தை நிருணயித்து வந்தது. அதற்குப் பின்னர் நூற்றுக்கு ஒன்று என்ற ஒரே குவளையிலிருந்தே பாடசாலை, கவுண்டி, நகரம், தீயணைப்பு, நுளம்பு ஒழிப்பு ஆகிய அனைத்தும் அருந்த வேண்டியதாயிற்று. எவருக்கு எத்தனை மிடறு என்பதை 1979இல் மாநிலச் சட்டமன்றம் வகுத்தது. 1970களில் எவர் எவ்வளவு பெற்றனரோ அந்த விகிதாசாரமே அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. இன்றுவரை பெரிதும் அதுவே நிலைத்துள்ளது. அக்காலத்தில் வேளாண் நிலமாயிருந்து, தொண்டர்களைக்கொண்டே தீயணைத்துச் சிக்கனமாய் வாழ்ந்த ஊர்களுக்கு மிகச் சிறிய பங்கு கிடைத்தது. சிக்கனமே தண்டனையாயிற்று எனலாம்.

இதன் விளைவை மிகத் தெளிவாகக் காட்டுவது சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குக் கிழக்கே உள்ள கொன்ட்ரா கொஸ்ரா கவுண்டியின் கீழைப்பகுதி. பிரென்ட்வூட், ஓக்லி முதலிய ஊர்கள் ஒருகாலத்தில் பழத்தோட்டங்களும் சோள வயல்களுமாய் இருந்தவை. பின்னர் நகரத்தில் வீடு வாங்க இயலாத குடும்பங்கள் அங்கு குடியேறின, தோட்டங்கள் குடியிருப்புகளாயின, மக்கள்தொகை ஓரிலட்சத்தைக் கடந்தது. மூன்று சிறிய மாவட்டங்களை இணைத்து 2002இல் கிழக்குக் கொன்ட்ரா கொஸ்ரா தீயணைப்பு மாவட்டம் உருவாக்கப்பட்டபோது அதனிடம் 8 நிலையங்கள் இருந்தன. ஆனால் அதன் ஆதனவரிப் பங்கோ தொண்டர் காலத்துப் பங்காகவே இருந்தது. அயல் மாவட்டங்களுக்குக் கிடைத்ததிலும் அது கணிசமாகக் குறைந்தது. 2008இல் வீட்டு விலைகள் சரிந்தபோது அந்தச் சிறு பங்கும் சுருங்கிற்று.

மாவட்டம் மக்களிடம் சென்றது. 2012 ஜூனில் ஒவ்வொரு காணித்துண்டுக்கும் ஆண்டுக்கு 197 டொலர் கேட்டது, பாதிப்பேர்கூட இணங்கவில்லை. 2015இல் வேறொரு வழியை நாடி, ஆதன உரிமையாளரிடம் அஞ்சல் வழியாகக் கேட்டது, அதுவும் பலிக்கவில்லை. 2016இல் நகரங்கள் தம் அளவில் மின்சாரம், தொலைபேசி முதலிய பாவனைகளின்மீது வரி கேட்டன, அதுவும் தோற்றது. ஒவ்வொரு தோல்வியின் பின்பும் நிலையங்கள் மூடப்பட்டன. ஈற்றில் மூன்றே எஞ்சின. ஒரு வீடு எரியும்போது மூன்று நிலையங்களின் வண்டிகளும் அங்கு சென்றுவிடின், மாவட்டத்தின் மற்றெந்த மூலையில் எவருக்கு நெஞ்சு வலித்தாலும் அயல் மாவட்டத்து வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அம்மக்களைக் கல்நெஞ்சர் எனக் கூறிவிடல் எளிது; ஆயின் அது நியாயமாகாது. புதுவீடு வாங்கியவர் இன்றைய விலைக்கு நூற்றுக்கு ஒன்று ஏற்கனவே கட்டுகின்றார். முப்பது ஆண்டுக்கு முன் வாங்கிய அயலவர் அதில் ஒரு சிறு பகுதியையே கட்டுகின்றார். தாம் இவ்வளவு கட்டியும் நிலையம் மூடப்படுகின்றதென்றால், எங்கோ களவு நடக்கின்றதென்றே ஒருவர் எண்ணுவார். 1979இல் வகுக்கப்பட்ட விகிதாசாரம் ஒன்று உண்டு என்பதையும், அதுவே தம் பணத்தை வேறு திசைக்குத் திருப்புகின்றது என்பதையும், சமையலறை மேசையில் வாக்குச்சீட்டை விரித்து வைத்திருக்கும் ஒருவருக்கு எவர் விளக்குவார்? 2020 நவம்பரில் கவுண்டி முழுவதுக்குமாக அரைவீத விற்பனை வரி ஒன்று நிறைவேறி, அதன் ஒரு பகுதி தீயணைப்புக்கு ஒதுக்கப்பட்டது. 2022 ஜூலையில் அம்மாவட்டம் பெரிய கவுண்டி மாவட்டத்துடன் இணைந்து மறைந்தது. மூடிய கதவுகள் அதன் பின்னரே மெல்லத் திறக்கலாயின.

அரைவீத விற்பனை வரி வென்றதும் காணித்துண்டு வரி தோற்றதும் தற்செயலானவை அல்ல. இங்கு சட்டத்தின் இன்னுமொரு முடிச்சு உண்டு. 1996இல் நிறைவேறிய 218ஆம் பிரேரணை, வரிகளைப் பொது வரி, விசேட வரி என இரண்டாகப் பிரித்து யாப்பிலேயே பதித்தது. பணம் எதற்கென எழுதப்படாது பொது நிதியத்துட் செல்லும் வரிக்குப் பாதிக்கு மேற்பட்ட வாக்குப் போதும். பணம் இன்னதற்கே என எழுதிவிட்டால் மூன்றில் இரண்டு வேண்டும். அதாவது வாக்காளருக்கு உறுதிமொழி கொடுப்பவருக்குத் தடை உயர்கின்றது, கொடாதவருக்குத் தாழ்கின்றது. வாய்மையை ஊக்குவிக்கும் ஏற்பாடென்று இதனைக் கூறல் அரிது.

இம்முடிச்சில் மிக மோசமாகச் சிக்கியது சான் டியேகோ நகரம். 2003 ஒக்டோபரில் சீடர் எனப் பெயர்பெற்ற காட்டுத்தீ அந்நகரின் விளிம்பினுட் புகுந்தது. அக்கவுண்டியில் 15 பேர் மாண்டனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பராயின. ஐந்து மாதங்கூடச் செல்லாத நிலையில், 2004 மார்ச்சில், விடுதிகளில் தங்கும் பயணிகள் செலுத்தும் வரியை உயர்த்தி அதன் ஒரு பகுதியைத் தீயணைப்புக்கும் காவற்றுறைக்கும் அளிக்கும் பிரேரணை முன்வைக்கப்பட்டது. வரியைச் செலுத்துவோர் வெளியூர்ப் பயணிகள். பயனைப் பெறுவோர் உள்ளூரார். நூற்றுக்கு ஏறத்தாழ 61 பேர் ஆம் என்றனர். மூன்றில் இரண்டுக்கு அது போதாது. அதே ஆண்டு நவம்பரில் நகரசபை தந்திரத்தை மாற்றி, விடுதி வரியைப் பொது வரியாக முன்வைத்தது. இப்போது தேவைப்பட்டது பாதிக்கு மேல் மட்டுமே. ஆனால் உறுதிமொழி சட்டத்தில் இல்லை. அத்துடன் அந்நகரசபையின் ஓய்வூதிய நிதிக் குளறுபடிகள் அவ்வேளையில் நாடெங்கும் பேசப்பட்டுக் கொண்டிருந்தன. பணம் தீயணைப்புக்கே செல்லும் என்ற வாய்மொழியை நம்புவோர் குறைந்தனர். பிரேரணை பாதியைக்கூட எட்டவில்லை. எழுதினால் எட்டாத உயரம், எழுதாவிடின் நம்பாத மக்கள்.

2007 ஒக்டோபரில் அக்கவுண்டி மீண்டும் எரிந்தது. ஐந்து இலட்சம் பேர் அளவில் வீடுகளைவிட்டு வெளியேறப் பணிக்கப்பட்டனர். மறு ஆண்டு நவம்பரில், ஒவ்வொரு காணித்துண்டுக்கும் 52 டொலர் கேட்டு ஒரு பிரேரணை வந்தது. வாரத்துக்கு ஒரு டொலர் என்பதே அதன் பொருள். நூற்றுக்கு 63 பேர் ஆம் என்றனர், தோற்றது. இரு பெருந்தீக்களின் பின், தெளிவான பெரும்பான்மையோர் இருமுறை விரும்பிய ஒன்று இருமுறையும் கிடைக்காமற் போயிற்று.

தீயின் நினைவு வாக்குக்கு உதவாதென்றும் கூறுவதற்கில்லை. 1993இல் மாநிலம் முழுவதற்குமான அரைவீத விற்பனை வரி ஒன்று, பொதுப் பாதுகாப்புக்கென, 172ஆம் பிரேரணையாக வாக்குச்சீட்டில் இருந்தது. தேர்தலுக்கு ஒரு வாரத்துக்கு முன் லகுனா கடற்கரையில் நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன. தேர்தல் நாளான நவம்பர் 2ஆந் திகதியே மலிபு மலைகளில் புதிய தீ மூண்டது. வானத்திற் புகையைக் கண்டவாறே மக்கள் வாக்களித்தனர். நூற்றுக்கு 58 பேர் ஆம் என்றனர். அது மாநில யாப்புத் திருத்தமாதலின் பாதிக்கு மேற்பட்டது போதுமாயிருந்தது. ஆனால் பணத்தில் நூற்றுக்கு 94 கவுண்டிகளுக்குச் சென்றது. அவற்றிற் பல அதனைச் செரிப் அலுவலகத்துக்கும் சிறைக்கும் வழக்குத் தொடுநர்க்கும் பங்கிட்டன. தனித்தியங்கும் தீயணைப்பு மாவட்டங்களுக்கு அதில் நேரடி உரிமை இருக்கவில்லை. தீயைக் கண்டு அளித்த வாக்கு காவலருக்குப் போய்ச் சேர்ந்ததை அங்குள்ள தீயணைப்பாளர் இன்னும் மறந்திலர்.

நினைவு எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு ஓக்லண்ட் நகரத்து மலைப்புறம் ஓர் அளவைத் தருகின்றது. அங்கு 1991 ஒக்டோபர் 20ஆந் திகதி மூண்ட தீயில் 25 பேர் இறந்தனர். ஏறத்தாழ மூவாயிரம் குடியிருப்புகள் அழிந்தன. புதர்களை வெட்டித் துப்புரவாக்குவதற்கென ஒரு வரி மாவட்டம் 2004இல் அமைந்தது. வீட்டுக்கு ஆண்டுக்கு 65 டொலர். 2013இல் அதனைப் புதுப்பிக்கும் வாக்கெடுப்பு மிகச் சொற்ப வாக்குகளால் மூன்றில் இரண்டைத் தவறவிட்டது. புதர்கள் வளர்ந்தன. 2024 நவம்பரிலேயே புதிய வரி, வீட்டுக்கு 99 டொலராக, மீண்டும் நிறைவேறிற்று. மாறாக, சான் பிரான்சிஸ்கோ நகரத்தார் 1906ஆம் ஆண்டுத் தீயை நூற்றாண்டு கடந்தும் மறக்கவில்லை. நிலநடுக்கத்தால் நீர்க்குழாய்கள் உடைய, மூன்று நாள் எரிந்த நகரம் அது. 1908இலேயே தனியான உயரழுத்த நீர்க்குழாய்த் தொகுதிக்கெனக் கடன்முறிகளை வழங்க அவர்கள் வாக்களித்தனர். 2010, 2014, 2020 ஆகிய ஆண்டுகளிலும் அதே நோக்குடைய கடன்முறிகள் மூன்றில் இரண்டைத் தாண்டி நிறைவேறின. பழைய கடன் தீரத் தீரப் புதிய கடன் எழுப்பி வரிவீதத்தை உயராது காக்கும் அந்நகரின் வழக்கமும் இதற்கு ஒரு காரணம். நினைவு மட்டுமே காரணம் என்பது மிகையாகும்.

வரியை எதிர்ப்போரின் வாதத்தையும் செவிமடுத்தல் வேண்டும். 1999இல் மாநிலம் நெடுஞ்சாலைக் காவலருக்கு ஒரு தாராளமான ஓய்வூதியத் திட்டத்தை வழங்கியது. 50 வயதில் ஓய்வு பெறலாம். சேவை செய்த ஒவ்வோராண்டுக்கும் இறுதிச் சம்பளத்தில் நூற்றுக்கு மூன்று வழங்கப்படும். முப்பது ஆண்டு உழைத்தவருக்குச் சம்பளத்தில் நூற்றுக்கு 90 ஓய்வூதியமாகும். உள்ளூர்த் தீயணைப்புப் படைகள் பலவும் அதனைப் பின்பற்றின. வலேஜோ என்னும் நகரம் 2008இல் கடனிறுக்க இயலாது வங்குரோத்து அறிவித்தபோது, அதன் பொது நிதியில் முக்காற்பங்குக்கு அண்மையானது காவலுக்கும் தீயணைப்புக்கும் சென்றுகொண்டிருந்தது. புதிதாகச் சேர்வோருக்கு இச்சலுகை 2012ஆம் ஆண்டுச் சட்டத்தால் குறைக்கப்பட்டது. பழையோருக்கு அது தொடர்ந்தது. புதிய வரி புதிய வண்டிக்கா, பழைய வாக்குறுதிக்கா என ஒரு வாக்காளர் வினவுவாராயின் அவரைக் குறைகூற முடியாது.

இன்னொரு மயக்கமும் உண்டு. பிரேரணைக்கு ஆதரவான துண்டுப்பிரசுரங்களிலெல்லாம் செந்தழலும் தலைக்கவசமுமே காணப்படும். உண்மையில் அமெரிக்கத் தீயணைப்புப் படைகளுக்கு வரும் அழைப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு மருத்துவ உதவிக்கானவை; தீக்கானவை நூற்றுக்கு நான்கு அளவே. முதியவர் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்தமை, நீரிழிவுக்காரர் மயங்கியமை, போதைப்பொருள் மிஞ்சி மூச்சடங்கியமை என்பனவே அன்றாட வேலை. வாக்குச்சீட்டில் கேட்கப்படுவது பெயரளவில் தீயணைப்பு வரி. செயலளவில் அது வறியோரின் அவசர மருத்துவமனைக்கும் உரிய வரி. இதனை வெளிப்படையாகச் சொன்னால் ஆதரவு குறையுமோ என்ற அச்சம் பிரசாரகரிடம் இருத்தல் கூடும்.

வரியே வேண்டாம், வேண்டியவர் வேண்டியதற்குக் கட்டட்டும் என்பாருமுளர். அதன் முடிவு எத்தகையது என்பதை ரெனசி மாநிலத்தின் ஒபியன் கவுண்டி 2010 செப்ரெம்பரில் உலகுக்குக் காட்டிற்று. அங்கு நகரத்துக்கு வெளியே வாழ்ந்தோர் ஆண்டுக்கு 75 டொலர் சந்தா செலுத்தினாலே சவுத் புல்ரன் நகரத்து வண்டி அப்போது வந்தது. சந்தா செலுத்தத் தவறிய ஒருவரின் வீடு எரிந்தது. அயலவர் சந்தா செலுத்தியிருந்தமையால், அவரது வயலுக்குத் தீ பரவாது காக்க வண்டி வந்தது. வீடு எரிந்து முடியும்வரை படையினர் பார்த்து நின்றனர். சந்தா முறையின் தர்க்கப்படி அவர்கள் செய்தது தவறன்று. கட்டாதவருக்கும் அணைத்தால் எவர்தான் கட்டுவர்? அத்தர்க்கத்தைத் தர்க்கமாக ஏற்றுக்கொள்வோர்கூட அப்படத்தைப் பார்க்கக் கூசினர். வரி என்பது கட்டத் தவறியவரின் வீட்டையும் அணைப்பதற்கான ஏற்பாடு என்பது இந்நிகழ்ச்சியால் விளங்கும்.

கலிபோர்ணியாவில் குடிமக்களின் முன்மொழிவுக்குப் பாதி போதும் என்ற வழி திறந்தது 2017 ஓகஸ்டில். அப்லண்ட் என்னும் சிறு நகரத்தில் கஞ்சா விற்பனை நிலையங்கள் பற்றி எழுந்த ஒரு வழக்கில், மக்கள் தாமே கையொப்பமிட்டுக் கொணரும் பிரேரணை உள்ளூர் ஆட்சிமன்றம் விதிக்கும் வரியாகாது என்ற கருத்தை மாநில உயர் நீதிமன்றம் கொண்டது. அத்தீர்ப்பு நேரடியாகத் தீர்த்தது வாக்கெடுப்பு நடைபெற வேண்டிய தேர்தலைப் பற்றிய பிரச்சினையை மட்டுமே. பின்வந்த கீழ்நீதிமன்றத் தீர்ப்புகள் அதனை மூன்றில் இரண்டு விதிக்கும் விரித்தன. கஞ்சாவுக்காகத் திறந்த கதவினூடே தீயணைப்பு வண்டி நுழைந்தது. அக்கதவை மூடவிருந்த ஒரு பிரேரணையை 2024 ஜூனில் அதே உயர் நீதிமன்றம் வாக்குச்சீட்டிலிருந்தே நீக்கியது. அது நீக்கப்படாதிருந்து நிறைவேறியுமிருப்பின், லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தின் ஆறு சதத்துக்கு மீண்டும் மூன்றில் இரண்டு தேவைப்பட்டிருக்கும். கையொப்பம் திரட்டப் பணமும் ஆட்பலமும் உள்ள சங்கங்களுக்கே இவ்வழி உதவும். பத்துத் தொண்டரைக் கொண்ட மலையூர் மாவட்டம் ஒன்றுக்கு அது எளிதன்று. ஆதலின் இதனை நியாயமான தீர்வென்று கொண்டாடுதலும் இயலாது.

ஆறு சத வரி வென்று இரண்டு மாதங்கள் கழிந்தன. 2025 ஜனவரி 7ஆந் திகதி மாலை, ஈற்றன் பள்ளத்தாக்கில் மூண்ட தீ கடுங்காற்றோடு அல்ராடீனாவினுள் இறங்கியது. அவ்வூர் அதே தீயணைப்பு மாவட்டத்தைச் சேர்ந்தது. 19 பேர் இறந்தனர். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. இறந்தோரில் ஏறத்தாழ அனைவரும் லேக் அவென்யூ வீதிக்கு மேற்கே வாழ்ந்தவர்கள். அப்பகுதிக்கு வெளியேறும் கட்டளை பிறந்தது விடியற்காலை மூன்று மணிக்குப் பின்னரே. புதிய வரியின் ஒரு சதமும் அன்று மாவட்டத்தின் கையில் இருக்கவில்லை. இருந்திருப்பினும் அந்தக் காற்றில் எத்தனை வண்டிகள் எதைச் சாதித்திருக்கும் என்பது வேறு கேள்வி. கட்டளை தாமதித்தமைக்குப் பணக்குறைவு ஒன்றே காரணமெனக் கூறுவாரும் இலர்.

வரி, கட்டடத்தின் சதுர அடிக் கணக்கில் அறவிடப்படுவது. அது முதன்முதலாக ஆதனவரிப் பட்டியலில் இடம்பெற்ற 2025 இலையுதிர் காலத்தில், அல்ராடீனாவின் ஆயிரக்கணக்கான காணிகளில் அளப்பதற்குச் சதுர அடி எதுவும் எஞ்சியிருக்கவில்லை. துப்புரவாக்கப்பட்ட வெறும் மண்ணும், சில இடங்களில் ஒரு புகைபோக்கியும், வாயிற்படியும் மட்டுமே இருந்தன.